பார்வைக் கௌதாரி

வான்கோழிக்கும் தமிழ் படித்தவர்களுக்கும் உள்ள உறவு அவ்வளவு சுமுகமானதல்ல. மயில் ஆடுவதைப் பார்த்துவிட்டுத் தானும் மயில்தான் என்று எண்ணிக்கொண்டு ஆடக் கிளம்பிய அசட்டுப் பறவை என்று மூதுரையில் ஔவையார் அதற்கு ஒரு சூடு போட்டுவிட்டார். அன்றிலிருந்து பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு வான்கோழி என்றால் போலிப் புலவன் என்று அர்த்தமாகிவிட்டது. பாவம், அந்தப் பறவைக்குத் தமிழ் தெரியாது. தெரிந்திருந்தால் மான நஷ்ட வழக்கே போட்டிருக்கும்.

இதில் ஒரு சரித்திரச் சிக்கலும் இருக்கிறது. இன்று நாம் வான்கோழி என்று சொல்லும் பறவை நம் நாட்டுச் சரக்கே அல்ல. அமெரிக்கக் கண்டத்தில் பிறந்து, பதினாறாம் நூற்றாண்டில் ஸ்பானியர்களோடு கப்பலேறி ஐரோப்பாவுக்குப் போய், பிறகு போர்த்துகீசியர்களோடு இந்தியக் கரைக்கு வந்தது. 1612-ஆம் வருஷம் முகர்ரப் கான் என்ற அதிகாரி கோவாவிலிருந்து வாங்கிக்கொண்டு போன விநோதப் பொருள்களில் ஒரு வான்கோழியும் இருந்தது. ஜஹாங்கீர் சக்கரவர்த்தி அதைப் பார்த்து அதிசயித்தார்; தலையும் கழுத்தும் வேளைக்கு ஒரு நிறமாக மாறுவதைத் தம் குறிப்பில் எழுதிவைத்தார்; ஓவியரைக் கூப்பிட்டுப் படம் எழுதவும் சொன்னார். மன்சூர் தீட்டிய வான்கோழிப் படம் இன்றும் லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் காட்சிசாலையில் இருக்கிறது. டில்லி பாதுஷாவுக்கே 1612-ல்தான் புதுமை என்றால், ஔவையாருக்கு அது எப்படித் தெரிந்தது? ஒன்று, மூதுரைப் பாட்டு நாம் நினைப்பதைவிடப் பிற்காலத்தது. அல்லது, பாட்டிலுள்ள வான்கோழி வேறு ஏதோ பறவை. புலவர்கள் தீர்த்துக்கொள்ள வேண்டிய வழக்கு அது. நாம் சொல்ல வந்தது வேறு.

சொந்தக் காட்டில் வான்கோழி அசடே அல்ல என்பதுதான் அது. பண்ணையில் கொழுத்து நிற்கும் பறவையைப் பார்த்துவிட்டுக் காட்டு வான்கோழியை மதிப்பிடுவது, கோயில் யானையைப் பார்த்துவிட்டு ஆனைமலைக் கொம்பனை மதிப்பிடுவது போல. காட்டு வான்கோழிக்குக் கண் கூர்மை. காதும் கூர்மை. இரவில் உயர்ந்த மரக்கிளையில் தங்கும். வேட்டைக்காரன் ஒரு விரலை அசைத்தால் போதும், போய்விடும். ஆகவே அமெரிக்காவில் அதைத் துரத்திப் போய்ச் சுடுவதில்லை, வரவழைத்துச் சுடுகிறார்கள்.

வசந்த காலம் அதற்கு உரிய பருவம். விடியுமுன் இருட்டிலேயே வேட்டைக்காரன் போய், ஒரு பெரிய மரத்தடியில் முதுகைச் சாய்த்து, இலை தழையோடு இலை தழையாக உட்கார்ந்துவிடுகிறான். கிழக்கு வெளுக்கும்போது மரத்தின் மேலிருந்து சேவல் முழங்குகிறது. பெட்டை குரல் கொடுப்பது போலக் கீழே இருந்து இவன் குரல் கொடுக்கிறான். அதற்கென்று சிறிய மரப்பெட்டியும் கற்பலகையும் உண்டு. அந்த நாட்டுப் பூர்வகுடிகள் வான்கோழியின் சிறகெலும்பையே குழலாக்கி ஊதினார்கள். இயற்கையில் நடப்பது என்னவென்றால், சேவல் இருந்த இடத்தில் இருந்து முழங்கும். பெட்டைதான் அதைத் தேடிப் போகும். வேட்டைக்காரன் அந்த வழக்கத்தைத் தலைகீழாக்குகிறான். 'நீ வா' என்று சேவல் சொல்ல, 'நீதான் வரவேண்டும்' என்று இவன் சாதிக்கிறான். சேவலின் ஆசை அதன் எச்சரிக்கையை ஜெயித்துவிட்டால், அது விசிறி போல வாலை விரித்துக்கொண்டு அடியெடுத்து வரும். காலை வேட்டை பலித்துவிட்டது என்று அர்த்தம்.

இதைப் படிக்கும்போது எனக்குச் சேலம் அம்மாபேட்டையின் நினைவு வந்தது. காரணம் இருக்கிறது. வசந்த காலத்தில், விடியற்காலையில், பறவையின் குரலைக் கொண்டே பறவையை அழைத்துப் பிடிக்கும் வித்தை நம் சமவெளிக்குப் புதிதல்ல. நம்மிடம் வான்கோழி இல்லை, கௌதாரி இருந்தது. இன்னும் இருக்கிறது.

இன்றைய அம்மாபேட்டை சேலம் மாநகராட்சியின் ஒரு மண்டலம். தறியும் நூலும் சாயமுமாக வளர்ந்த ஊர். சேலத்து நெசவாளர் பேட்டைகளில் விடியற்காலையில் பாவடியில் பாவை நீட்டிக் கஞ்சி போட்டு ஆற்றுவார்கள். வெயில் ஏறுமுன் வேலை முடிய வேண்டும். ஊரின் ஓரத்தில் குமரகிரிக் குன்று; உச்சியில் தண்டாயுதபாணி. வடக்கே சேர்வராயன் மலை, தெற்கே ஜருகுமலை, மேற்கே கஞ்சமலை. நடுவே கிடக்கும் செம்மண் பூமியில் கம்பும் சோளமும் நிலக்கடலையும் ஆமணக்கும் மழையை நம்பி விளைந்தன. காட்டுக்கும் காட்டுக்கும் நடுவே கிளுவை வேலி. இரண்டு வேலிகளுக்கு நடுவே வண்டி போகும் இட்டேரி. கள்ளியும் வேலும் ஆவாரையும் அடர்ந்த அந்த இட்டேரிதான் கௌதாரியின் ராஜ்யம்.

கௌதாரியைப் பார்க்காதவர்களுக்கு ஒரு வார்த்தை. சின்னக் கோழிக்குஞ்சைவிடப் பெரிது, கோழியைவிடச் சிறிது. உடம்பெல்லாம் மண் நிறத்தில் மெல்லிய கோடுகள். வெளிறிய தொண்டையைச் சுற்றிக் கறுப்பாக ஒரு கோடு. சேவலுக்குக் காலில் முள் உண்டு. ஆபத்து வந்தால் பறப்பதைவிட ஓடுவதையே விரும்பும். வேறு வழியில்லை என்றால்தான் சடசடவென்று எழும்பும். கரையானும் புல்விதையும் சிந்திய தானியமும் ஆகாரம். இரவில் முள் மரத்தின் தாழ்ந்த கிளையில் அடையும். சாஸ்திரப் புத்தகத்தில் அதன் பெயரோடு நம் பக்கத்து ஊர் ஒன்றின் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பிரெஞ்சுக்காரரான சொன்னேரா தம் யாத்திரைப் புத்தகத்தில் எழுதிய பறவைக்கு, 1789-ல் கெமெலின் என்ற ஜெர்மானியர் 'பாண்டிசேரியானுஸ்' என்று நாமகரணம் செய்தார். புதுச்சேரிக்காரன் என்று பொருள்.

அதன் குரலைத்தான் யாரும் மறக்க முடியாது. மூன்று அசையாக, ஒவ்வொன்றுக்கும் உரம் ஏறி, ஒரு மைல் கேட்கும். வடநாட்டார் அதைக் கேட்டுத்தான் தீத்தர் என்று பெயர் வைத்தார்கள்; சமஸ்கிருதத்தில் தித்திரி. யாக்ஞவல்கியர் கக்கிய வேதத்தைச் சீடர்கள் தித்திரிப் பறவைகளாக மாறிக் கொத்தி எடுத்துக்கொண்டார்கள் என்பது கதை. தைத்திரீயம் என்ற பெயருக்கு அதைக் காரணமாகச் சொல்லுவார்கள். வேதத்துக்கே பெயர் கொடுத்த பறவையைத்தான் நாம் மிளகு தட்டிப் போட்டு வறுத்துக்கொண்டிருந்தோம்.

இனி அந்தக் காலை வேட்டையைப் பார்ப்போம்.

மாசி பின்பனி போய்ப் பங்குனி பிறந்திருக்கும். கௌதாரிகள் ஜோடி சேர்ந்து, ஒவ்வொரு ஜோடியும் தனக்கென்று கொஞ்சம் பூமியை வளைத்துக்கொண்டிருக்கும் சமயம். பறவை பிடிக்கிறவன் நட்சத்திரம் மறையுமுன் புறப்படுவான். கையில் துணி மூடிய ஒரு கூண்டு. தோளில் ஒரு பை. பையில் குதிரை வால் மயிரில் முறுக்கிய கண்ணிகள், அவற்றைக் கோத்த முளைகள். காற்றுக்கு எதிர்முகமாக இட்டேரி ஓரத்தில் ஓர் இடம் பார்ப்பான். அந்த இடம் பார்ப்பதில்தான் வித்தை இருக்கிறது. நேற்றும் முந்தாநாளும் அந்தப் பக்கமாக நடந்து, எந்தப் புதரில் எந்தச் சேவல் கூவுகிறது, அதன் எல்லை எதுவரை என்று அவன் மனத்தில் படம் எழுதி வைத்திருப்பான். எல்லைக்கு உள்ளே, ஆனால் அடையும் மரத்துக்கு மிக அருகில் இல்லாமல், கூண்டை வைப்பான். சுற்றிலும் கண்ணிகளை நட்டு, மண்ணையும் சருகையும் தூவி மறைப்பான். பிறகு துணியை நீக்கிவிட்டுத் தழைக்குப் பின்னால் குந்திக்கொள்வான்.

கூண்டுக்குள் இருப்பது பழக்கிய கௌதாரிச் சேவல். வெளிச்சம் கண்ணில் பட்டதும் அது கழுத்தை நீட்டிக் கூவும். அதற்கு வஞ்சகம் ஒன்றும் தெரியாது. விடிந்தால் கூவ வேண்டும், கூவுகிறது. புதருக்குள் இருக்கும் சேவலுக்கோ அது அப்படிக் கேட்பதில்லை. 'என் வீட்டு வாசலில் நின்று ஒருவன் சவால் விடுகிறான்' என்றுதான் கேட்கிறது. பதில் கூவும். பெட்டையும் சேர்ந்து கூவும். கூண்டுச் சேவல் மறுபடியும் கூவும். பதில் இப்போது இன்னும் கிட்டத்தில் வரும். பிறகு திடீரென்று மௌனம். அனுபவமில்லாதவன் பறவை போய்விட்டது என்று எழுந்து எல்லாவற்றையும் கெடுத்துக்கொள்வான். அனுபவசாலி மூச்சைக்கூட அடக்கிக்கொள்வான். பறவை ஓடி வருகிறது என்று அவனுக்குத் தெரியும். புல் விலகும். சிறகைத் தொங்கவிட்டு, கழுத்து மயிரைச் சிலிர்த்துக்கொண்டு, கண் சிவந்த ஒரு சிறிய வீரன் வெட்டவெளிக்கு வருவான். கூண்டை ஒரு சுற்றுச் சுற்றுவான். இரண்டாவது சுற்றில் கால் கண்ணிக்குள் இருக்கும்.

வெயில் சுடத் தொடங்குமுன் ஆட்டம் முடிந்துவிடும். பையில் இரண்டு, மூன்று கிடந்தால் நல்ல காலை. உயிரோடு விற்றால் கொஞ்சம் அதிகம் கிடைக்கும். கௌதாரிச் சண்டை விடுகிற மைனர்கள் வாங்கிக்கொள்வார்கள். மீதி யார் வீட்டுக் குழம்புக்கோ போகும்.

வான்கோழியை ஆசை இழுத்து வந்தது. கௌதாரியை மானம் இழுத்து வந்தது. தவளை தன் வாயால் கெடும் என்பது பழமொழி. கௌதாரி இன்னொருவன் வாயால் கெடுகிறது.

இந்தக் கூண்டுப் பறவைக்குத் தமிழில் ஓர் அருமையான பெயர் உண்டு: பார்வை. இனத்தைக் காட்டி இனத்தைப் பிடிக்க வைத்திருக்கும் விலங்குக்கும் பறவைக்கும் அந்தப் பெயர். சுமார் இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்பே அந்தச் சொல் பழக்கத்தில் இருந்திருக்கிறது. தொண்டைமான் இளந்திரையனைப் பாடிய கடியலூர் உருத்திரங்கண்ணனார், பெரும்பாணாற்றுப்படையில் எயினர் குடியிருப்பைக் காட்டும்போது, முற்றத்து விளாமரத்தில் பார்வை மானைக் கட்டி வைத்திருப்பதைக் காட்டுகிறார். கலித்தொகையில் ஒரு தலைவன் ஊர் சுற்றிவிட்டுத் தாமதமாக வீடு திரும்பி, குறும்பூழ்ச் சண்டை பார்க்கப் போயிருந்தேன் என்று சாக்குச் சொல்கிறான். குறும்பூழ் என்பது காடை, கௌதாரியின் தாயாதி. சாக்குச் சொல்லும் கணவன்மார் காலத்துக்கேற்றபடி சினிமாவையும் கிரிக்கெட்டையும் கண்டுபிடித்தார்கள்; அன்றைக்குக் காடை இருந்தது. சைவ சித்தாந்திகளோ இந்த வேடன் தந்திரத்தையே கடவுளுக்குக் கொடுத்துவிட்டார்கள். மானைக் காட்டி மானைப் பிடிப்பது போல, மனிதனைப் பிடிக்க இறைவன் மனித வடிவில் குருவாக வருகிறான் என்று அவர்கள் சொல்லுவார்கள். ஒரு சமூகம் தன் கடவுளுக்கே உவமையாக்கிய தொழில் என்றால், அது எவ்வளவு பழகிய தொழிலாக இருந்திருக்க வேண்டும்!

ஆனால் இந்த விஷயத்தில் என் மனத்தை மிகவும் தொட்டது பௌத்தர்களின் ஜாதகக் கதை ஒன்று. வேடன் ஒருவன் ஒரு கௌதாரியைப் பழக்கிப் பார்வையாக வைத்திருந்தான். தன் குரலைக் கேட்டு வந்த உறவினரெல்லாம் அகப்படுவதைக் கண்ட கௌதாரி, இது பாவமல்லவா என்று கூவாமலே இருந்துவிட்டது. வேடன் மூங்கில் குச்சியால் தலையில் தட்டினான். வலி பொறுக்காமல் அது கத்தியது, மற்றவை வந்தன, அகப்பட்டன. ஒரு நாள் வேடன் தூங்கும் நேரத்தில் அது பக்கத்திலிருந்த தவசியிடம் கேட்டது: இந்தச் சாவுகளில் எனக்குப் பங்கு உண்டா? உன் மனத்தில் கெட்ட எண்ணம் இல்லாதபோது பாவம் உன்னை ஒட்டாது என்று தவசி சமாதானம் சொன்னார். கௌதாரியின் வழக்கு தீர்ந்தது. அப்படியானால் பாவம் யாரை ஒட்டும்? அந்தக் கேள்விக்குத்தான் பின்னால் சட்டங்கள் விதவிதமாகப் பதில் சொல்லிப் பார்த்தன.

முதலில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். வான்கோழிச் சேவல் பெரிய குடும்பஸ்தன் அல்ல. பல பெட்டைகளோடு சேரும், அத்துடன் சரி. கூடு கட்டுவது, அடை காப்பது, குஞ்சு வளர்ப்பது எல்லாம் பெட்டையின் பொறுப்பு. ஆகவே பெட்டைகள் இணை சேர்ந்த பிறகு சில சேவல்கள் குறைந்தால் அடுத்த தலைமுறைக்குப் பெரிய நஷ்டம் இல்லை. அமெரிக்காவில் வசந்த வேட்டைக்கு அனுமதி கொடுத்தவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுத்தான் கொடுத்தார்கள். பெரும்பாலான மாநிலங்களில் அந்தப் பருவத்தில் சேவலை, அல்லது மார்பில் தாடி தொங்கும் பறவையை மட்டுமே சுடலாம். பல இடங்களில் உச்சிப்பொழுதோடு துப்பாக்கியை இறக்கிவிட வேண்டும். 1930 வாக்கில் அங்கே காட்டு வான்கோழி ஏறக்குறைய அற்றுப் போகும் நிலையில் இருந்தது. காடுகளை வெட்டி, வருஷம் முழுவதும் சுட்டுத் தின்றதன் பலன். 1937-ல் ஒரு சட்டம் வந்தது. வேட்டைத் துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் போடும் வரியை வனவிலங்கு மீட்புக்கே செலவழிக்க வேண்டும் என்று அது விதித்தது. 1950-களில் பீரங்கி போல வெடித்து விரியும் வலைகளால் காட்டுப் பறவைகளைப் பிடித்து, அவை அற்றுப்போன காடுகளில் கொண்டுபோய் விட்டார்கள். இருபத்தோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவற்றின் தொகை 60 லட்சத்தை எட்டிவிட்டது. காசு கொடுத்தவன் வேட்டைக்காரன். கணக்குச் சொன்னவன் விஞ்ஞானி. வரம்பு கட்டியது சட்டம்.

நம் கௌதாரியின் சமாசாரம் வேறு. அது ஏகபத்தினி விரதன். சேவலும் பெட்டையும் ஜோடியாகவே மேயும், ஜோடியாகவே கூவும், குஞ்சுகளையும் சேர்ந்தே காக்கும். பங்குனி விடியலில் கண்ணியில் மாட்டுகிற சேவல் ஊர் சுற்றி அல்ல. வீட்டைக் காக்க வந்த தகப்பன். ஒரே மாதிரி விடியல், ஒரே மாதிரி தந்திரம், ஒரே மாதிரி வெற்றி. ஆனால் அங்கே குடும்பம் பிழைத்துக்கொள்கிறது. இங்கே குடும்பம் உடைகிறது. அமெரிக்காவின் நியாயத்தை அப்படியே அம்மாபேட்டை இட்டேரிக்குக் கொண்டுவர முடியாது.

வெள்ளைக்காரர்களுக்கு இது ஓரளவு தெரிந்திருந்தது. 1887-ல் ஒரு சட்டம் செய்து, இனப்பெருக்கக் காலத்தில் காட்டுப் பறவைகளை விற்பதையும் வைத்திருப்பதையும் நகரசபைகள் தடுக்க வழி செய்தார்கள். 1912-ல் இன்னும் விரிவான சட்டம் வந்தது. அதன் பட்டியலில் கௌதாரியும் காடையும் மயிலும் காட்டுக்கோழியும் கானமயிலும் இடம் பெற்றன. எந்த மாதங்களில் தொடக்கூடாது என்று மாகாண அரசுகள் குறிக்கலாம். பறவைக்குப் பிள்ளைப்பேற்று விடுப்புக் கொடுத்த சட்டம் என்று சொல்லலாம்.

ஆனால் அதே துரைமார் தங்கள் துப்பாக்கிக்கு எவ்வளவு விடுப்புக் கொடுத்தார்கள் என்று கேட்டால் கதை வேறு. அகமதுநகர்ப் பிரதேசத்தில் ராபர்ட் மான்ஸ்ஃபீல்ட் என்ற ஒருவர் 1809-லிருந்து 1829-க்குள் 961 கானமயில்களைச் சுட்டு வீழ்த்தினார். கணக்கு எழுதி வைத்துக்கொண்டு சுட்டிருக்கிறார் பாருங்கள்! அந்தப் பறவை ஒரு காலத்தில் நம் கோயமுத்தூர்ச் சமவெளியிலும் மேய்ந்தது. இன்று தமிழ்நாட்டில் ஒன்றுகூட இல்லை. இந்தியா முழுவதற்குமே காட்டில் 150-க்குமேல் இராது என்று கணிக்கிறார்கள். எல்லாத் துரைகளும் ஒரே மாதிரி அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். காங்கிரஸ் மகாசபை தோன்றக் காரணமாயிருந்த ஆலன் ஆக்டேவியன் ஹ்யூம் பெரிய பறவைச் சாஸ்திரி. இந்திய வேட்டைப் பறவைகளைப் பற்றி மார்ஷலுடன் சேர்ந்து 1879 முதல் 1881 வரை மூன்று பாகப் புத்தகம் வெளியிட்டார். அவரே பிற்காலத்தில் மாமிசத்தை விட்டார்; பறவை சுடுவதையும் விட்டார்.

துரை சுட்டால் அது விளையாட்டு. கண்ணி வைத்தவன் என்ன ஆனான்?

1909-ல் எட்கர் தர்ஸ்டன் தென்னிந்தியச் சாதிகளையும் குடிகளையும் பற்றி ஏழு பாகங்களில் எழுதினார். அதில் குருவிக்காரர்களைப் பற்றியும் எழுதியிருக்கிறார். பறவை பிடிப்பதோடு, நரியைப் போலவே ஊளையிட்டு நரியை வரவழைத்து வலையில் பிடிப்பதும் அவர்கள் தொழில். நரிக்குறவர் என்ற பெயர் அவர்களுக்கு அப்படித்தான் நிலைத்தது. அவர்கள் வேறு, குறவர் குடிகள் வேறு. ஆனால் ஊரார் பார்வையில் இரண்டு பேருமே 'காட்டில் திரிகிறவர்கள்'. 1871-ல் வடக்கே செய்த குற்றப் பரம்பரைச் சட்டம், 1911-ல் திருத்தப்பட்டுச் சென்னை மாகாணத்துக்கும் நீண்டது. பிறந்த குலத்தைக் கொண்டே ஒருவனைக் குற்றவாளி என்று எழுதிவைத்துக்கொள்ளும் அந்தச் சட்டத்தின் கீழ்க் குறவர்களில் பல பிரிவுகள் வந்தன. சென்னையில் 1947-லும், நாடு முழுவதும் 1952-லும் அது ஒழிந்தது. சேலம் மேல்நாட்டுக் குறவர், சேலம் உப்புக் குறவர் என்று சேலத்தின் பெயரையே தாங்கிய பிரிவுகள், சீர்மரபினர் என்ற புதுப் பெயரில் அரசாங்கப் பட்டியலில் இன்றும் நிற்கின்றன. சட்டம் போனாலும் அது போட்ட பட்டியல் போகவில்லை.

சுதந்திர இந்தியா 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் செய்தது. ஆரம்பத்தில் சிறு வேட்டைக்கு உரிமச் சீட்டு வாங்க அதில் இடம் இருந்தது. 1991-ல் திருத்தம் வந்து வேட்டையையே ஏறக்குறைய முழுவதும் தடுத்துவிட்டது. காட்டுப் பறவைகளைப் பிடித்து விற்பதும் குற்றமாயிற்று. பறவையின் பக்கம் நின்று பார்த்தால் இதில் தப்பு ஒன்றும் இல்லை. மிகவும் தேவையாக இருந்த காரியம். ஆனால் சட்டம் எழுதும்போது ஓர் ஆளைக் கலந்தாலோசிக்க மறந்துவிட்டார்கள். எந்தப் புதரில் எந்தச் சேவல், அதன் எல்லை எது, பெட்டை எத்தனை முட்டையோடு எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று புத்தகம் படிக்காமலே தெரிந்துவைத்திருந்தவன் அவன் ஒருவன்தான். அமெரிக்காவில் வேட்டைக்காரனைக் காவல்காரனாக்கினார்கள். இங்கே அவனுக்குக் குற்றவாளிப் பெயர் முதலில் குலத்தால் கிடைத்தது. பிறகு தொழிலால் கிடைத்தது. கண்ணியைக் கீழே வைத்தவன் கையில் ஊசியும் பாசிமணியும் வந்தன. பஸ் நிலையங்களிலும் திருவிழாக்களிலும் அவன் மனைவி மணி கோத்து விற்கிறாள். நரிக்குறவரையும் குருவிக்காரரையும் பழங்குடிப் பட்டியலில் சேர்க்கும் சட்டம் 2022 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் நிறைவேறி, 2023 ஜனவரியில் அமலுக்கு வந்தது. அந்தச் சமூகம் அதற்காகக் காத்திருந்த வருஷங்கள் கொஞ்சமல்ல.

இனி கௌதாரிக்கு வருவோம். அது அழிந்துவிடவில்லை. உலகக் கணக்கில் ஆபத்தில்லாத பறவைகளில்தான் அதைச் சேர்த்திருக்கிறார்கள். சேலம் நாமக்கல் சாலையில் போகிறவர்கள் கடைகளில் காடை வறுவல் என்ற பலகையைப் பார்த்திருப்பார்கள். பயப்பட வேண்டாம், அது இட்டேரிக் காடை அல்ல, ஜப்பானியக் காடை. 1974-ல் அமெரிக்காவின் கலிபோர்னியாவிலிருந்து இந்தியாவுக்கு வந்து பண்ணையில் பெருகியது. கோழிக்கும் முட்டைக்கும் பேர்போன நாமக்கல், 1997-ல் சேலத்திலிருந்து பிரிந்து தனி ஜில்லா ஆயிற்று. நாக்கு ருசிக்காகக் காட்டுப் பறவையைத் தேடவேண்டிய அவசியம் இன்று யாருக்கும் இல்லை.

ஆனால் இட்டேரி? கண்ணி ஒரு காலைக்கு இரண்டு பறவையை எடுத்தது. மூன்று பறவையை எடுத்தது. மனைப்பிரிவுக் கல் ஒரே நாளில் வேலியையே எடுத்துவிடுகிறது. கிளுவை போய்க் கம்பிவேலி வந்தால், கள்ளி போய்ச் சுற்றுச்சுவர் எழும்பினால், அங்கே கௌதாரிக்கு அடைய முள்மரம் இல்லை, குஞ்சை ஒளிக்கப் புதர் இல்லை. இந்தக் காரியத்துக்குச் சட்டத்தில் தண்டனையும் கிடையாது. இதைச் செய்கிறவனை யாரும் வேடன் என்றும் சொல்லுவதில்லை. பத்திரப் பதிவு செய்து, தேங்காய் உடைத்து, கௌரவமாக நடக்கிறது.

வேட்டை பலித்த காலை என்றால் பையின் கனத்தை வைத்துச் சொல்வதுதான் உலக வழக்கம். அது பாதிக் கணக்கு என்றே எனக்குப் படுகிறது. அடுத்த பங்குனியிலும் அதே புதரிலிருந்து பதில் குரல் வருமா என்பது மீதிக் கணக்கு. பை நிறைந்து குரல் நின்றுபோனால், பிடித்தவனும் தோற்றான், பறவையும் தோற்றது. காலங்காலமாகக் கூண்டையும் கண்ணியையும் தூக்கித் திரிந்த ஏழை வேடனுக்கு இந்த மீதிக் கணக்கு ஓரளவாவது தெரிந்திருக்க வேண்டும். அடுத்த வருஷமும் அவனுக்குப் பசிக்குமல்லவா? நமக்குப் பசி இல்லை. அதனால் கணக்கும் இல்லை.

ஊருக்கு வெளியே, இன்னும் கல் நடாத ஏதாவது ஒரு மேட்டுக்காட்டில், விடியற்காலையில் கொஞ்சம் நின்று கேட்டுப் பாருங்கள். மூன்று அசையில், ஒன்றைவிட ஒன்று உரமாக, 'இது என் இடம்' என்று ஒரு குரல் கேட்கும். கொஞ்சம் தள்ளி இன்னொரு குரல் அதற்குப் பதில் சொல்லும். கூண்டு ஏதும் இல்லாமலே அந்தப் பதில் வந்தால், அந்தக் காலை பலித்த காலைதான்.